நைனாவுக்குப் போடாத ஊசி

1

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் கோட்டயத்துக் கணக்கு வாத்தியார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மாவை அடுத்த விடுமுறையில் இங்கே அழைத்து வர ஆசை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் மூட்டுவலி, வேறு என்னமோ மாத்திரைகளும் சாப்பிடுகிறாராம். "மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும் என்கிறார்கள். சும்மா ஒரு ஊசிதானே டீச்சர்?" என்று கேட்டார்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். "அந்த 'வேறு என்னமோ மாத்திரை' என்னவென்று முதலில் கேட்டு எழுதுங்கள். அதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசலாம்" என்றேன். சொல்லும்போதே என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் சிரித்தார். "டீச்சர் ரொம்பப் பயப்படுகிற ஆள்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

உண்மைதான். வட நைஜீரியாவின் இந்தச் சிறிய ஊரில் பள்ளிக்கூடம், தண்ணீர் லாரி, காற்றோடு வந்து சோற்றில் விழும் பாலைவனத் தூசி என்று எல்லாம் பழகிவிட்டன. பயம் மட்டும் பழகவில்லை. ஊரில் இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தப் பயத்தின் கதையைச் சொல்கிறேன். உங்களிலும் யாராவது ஒருவருடைய மகனோ மகளோ ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு "அப்பாவை அனுப்பி வையுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். மஞ்சள் காய்ச்சல் என்பது நம் ஊர் மஞ்சள் காமாலை அல்ல. கொசு பரப்பும் காய்ச்சல். அது இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அதனால் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து ஊசி போடாமல் திரும்பி வருகிறவரை நம் சர்க்கார் உள்ளே விடாமல் சில நாள் தனியாக அடைத்து வைக்கும். இங்கே வருவதற்கும் ஊசி போட்டதற்கான மஞ்சள் நிறக் கார்டு வேண்டும். போகவும் கார்டு, வரவும் கார்டு.

2

என் அப்பாவுக்கு அந்தோணிசாமி என்று பெயர். எங்கள் பக்கத்தில் பலரும் அழைப்பதுபோல் நானும் நைனா என்றுதான் அழைப்பேன். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் மலைப் பஸ்ஸை வருடக்கணக்கில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லை. அம்மா இறந்ததும் ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இன்று யார் ஓட்டுகிறார், எந்த வளைவில் கியரைத் தப்பாகப் போட்டார் என்று சொல்வார்.

அவருக்கு மூச்சிரைப்பு. மலைக் குளிர் அதற்கு ஆகாது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். நான் கல்யாணமாகிப் போவதற்கு முன்பெல்லாம், மார்கழி வந்தால் நைனா படுக்கவே மாட்டார். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். பிறகு வாணியம்பாடி டாக்டர் ஒருவர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். தினமும் காலையில் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை வந்த பிறகுதான் அவரால் நீட்டிப் படுக்க முடிந்தது. முகம் மட்டும் உப்பி உருண்டையாகிவிட்டது. "டிரைவரு பென்சன் துன்னு ஊதிட்டாரு" என்று சந்தைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

நானும் என் கணவர் ஜோசப்பும் இங்கே வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் நைனாவின் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நைனா வாசலில் மூச்சுத் திணறி விழுந்து கிடந்தாராம். தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்களாம். இப்போது நன்றாகக் களி தின்கிறாராம். கடிதம் எழுதிய தேதியைப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் நான் இங்கே பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திக்கொண்டு, மாலையில் துணி துவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வருவதெல்லாம் பழைய பயம்தான். படிக்கும்போது மட்டும் புதிதாகிவிடும். 'இப்போது நன்றாக இருக்கிறார்' என்ற வரியைப் படித்து முடிப்பதற்குள், அது எழுதப்பட்ட பிறகு என்ன ஆனதோ என்று அடுத்தது தொடங்கிவிடும்.

நான் ஒரே மகள். "இனிமேல் அவரைத் தனியா விட முடியாது. இங்க கூட்டிட்டு வந்துடு" என்றார் ஜோசப். அந்த வருட விடுமுறையில் அவர் இங்கே வேலையில் இருக்க, நான் மகள் ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன்.

3

ஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டு வயது. இங்கே வரும்போது சின்னக் குழந்தை. தமிழ் புரியும், வாயில் வராது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹவுசா மொழி. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நைனா கையை நீட்ட, அவள் முழங்காலை லேசாக மடக்கி, "சன்னு, பாபா" என்றாள். இங்கே நைஜீரியாவில் பெரியவர்களுக்குச் சொல்லும் ஹவுசா வணக்கம் அது.

"இன்னா மேரி இது? என்ன பாபான்றா. வாணியம்பாடி கடத்தெருவுல கூப்புடற மாதிரி கீது."

"அங்க பெரியவங்கள அப்டித்தான் சொல்லுவாங்க நைனா."

"தாத்தான்னு ஒரு வார்த்த வரலியா உன் பொண்ணுக்கு?"

வந்தது, இரண்டு நாள் ஆனது. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல. நைனா அதைக் கவனித்தார். "கூடவே இருந்தா வந்துடும். நான்தான் வரப்போறனே" என்றார்.

அவர் வருவதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். அந்தப் பாஸ்போர்ட்டே ஒரு தனிக் கதை. ஞானஸ்நானப் பதிவில் அந்தோணிசாமி. ரேஷன் கார்டில் அந்தோணி. டிரைவர் லைசென்ஸில் அந்தோனி, மூன்று சுழி போய் இரண்டு சுழி. மூவரும் ஒருவரே என்று அதிகாரியிடம் கையெழுத்து வாங்க ஆலங்காயத்துக்கும் திருப்பத்தூருக்கும் அலைந்திருக்கிறார். விசாரிக்க மலையேறி வந்த போலீஸ்காரர் நைனாவின் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போனவராம். "இவர தெரியுமான்னு என்னையே விசாரிக்க அனுப்பிச்சிருக்காங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டு எழுதிக் கொடுத்துப் போனாராம். நைனா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது ஊசி ஒன்றுதான். மெட்ராஸுக்குப் போய்த்தான் போட வேண்டும். போவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாணியம்பாடிக்கு இறங்கினோம்.

4

அந்த டாக்டர் வயதானவர். கடைவீதியில் இரண்டு அறை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். உருதுவில் ஒருவரைத் திட்டிக்கொண்டே தமிழில் இன்னொருவருக்கு மருந்து சொல்வார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வேணாம்மா."

ஒரு வார்த்தைதான். நான் ஏன் என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"எல்லா ஊசியும் ஒண்ணு இல்ல. காலராவுக்குப் போடறோமே, அது செத்த கிருமி. இது உயிரோட இருக்கிற கிருமி. பலத்தக் குறைச்சு வெச்சிருக்காங்க. உங்க உடம்புக்கு, என் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. அதோட சண்ட போட்டு ஜெயிச்சுக்கும். இவர் சாப்பிடற மாத்திரை மூச்சுக்கு நல்லது, ஆனா உடம்போட சண்ட போடற குணத்த அடக்கி வெச்சிருக்கு. அந்த உடம்புக்குள்ள இத விட்டா, அடங்கி இருக்குமோ, ஆட்டம் போடுமோ, நான் சொல்ல முடியாது. வயசும் ஆயிடுச்சு."

நைனா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மாத்திர இல்லன்னா போடலாமா சார்?"

"இல்லாத ஆளுக்குன்னா யோசிக்கலாம். உங்களுக்கு அத நிறுத்த முடியாது பெரியவரே. இத்தன வருசமா உடம்பு அதுலயே பழகிடுச்சு. நிறுத்தணும்னா மாசக்கணக்குல துளித்துளியா குறைக்கணும். அதுக்குள்ள மூச்சு உங்கள விடாது."

நைனா தலையாட்டினார். பிறகு, "அந்த ஜொரம் வந்தா இன்னா சார் ஆவும்?" என்று கேட்டார்.

"நெறையப் பேருக்கு சாதாரண ஜுரமா வந்து போயிடும். சில பேருக்கு முத்திடும். கண்ணு மஞ்சளாகும். கறுப்பா வாந்தி எடுப்பாங்க, ரத்தம். அதுக்குன்னு மருந்து கிடையாது. தண்ணி கொடுத்து, பக்கத்துல இருந்து பாத்துக்கணும், அவ்ளோதான்."

ஸ்டெல்லா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் உருண்டையை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் வளைவில் ஹாரன் அடிக்க மறந்தபோதுகூடத் திட்டவில்லை. போக முடியாது என்ற ஏமாற்றம் என்று நான் நினைத்தேன்.

எனக்கோ எல்லாப் பக்கமும் பள்ளம். மலையிலேயே விட்டுப் போனால் அடுத்த மார்கழி. கூட்டிப் போக வேண்டுமென்றால் ஊசி. ஊசி இல்லாமல் கூட்டிப் போனால் கொசு. வீட்டுக்கு வந்து கேழ்வரகு மாவைக் கிளறிக்கொண்டே இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும் நைனாதான் விழுந்தார்.

5

மெட்ராஸில் எங்களுக்கு விமான டிக்கெட் ஏற்பாடு செய்யும் ஆளுக்கு, ஆலங்காயத்துக்கு இறங்கி, தபாலாபீசிலிருந்து டிரங்க் கால் போட்டேன். ஊசி போட முடியாத நிலை என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்கு ஏம்மா ஊசி போடணும்? கார்டுதானே கேக்கறாங்க? பேரு மட்டும் சொல்லுங்க. சீல் குத்தி வாங்கித் தர்றேன். வயசானவங்களுக்கு நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க."

இணைப்பில் இரைச்சல். ஒரு நிமிடம் அது எவ்வளவு எளிதாகத் தெரிந்தது என்று சொன்னால் நீங்கள் கோபிக்கக் கூடாது. ஊசியும் இல்லை, தடையும் இல்லை. ஆனால் நைஜீரியாவில் எங்கள் ஊருக்குக் கிழக்கே எங்கோ அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று நான் புறப்படும்போதே பேச்சு இருந்தது. கார்டைப் பார்த்து அதிகாரி ஏமாறுவார். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கொசு ஏமாறுமா? நாளை நைனாவுக்குக் காய்ச்சல் வந்தால், ஊசி போட்டவர் என்று நம்பி டாக்டரும் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். "வேண்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம், வேறு வழி பார்க்கிறேன் என்றேன். அவர் அமைதியாக, "பாக்கலாம். எனுக்கு ஒரு வழி தெரியும்" என்றார். கேட்டதற்குச் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களில் அவர் களைத்துப்போனார். களி தட்டிலேயே மிஞ்சியது. எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். "பனி ஜாஸ்தி" என்றார். காலைக் காப்பியோடு சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுப்பதும் மூடுவதும் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் காலையில், தன்னோடு வேலை பார்த்த கண்டக்டர் சின்னசாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, நெல்லிவாசலுக்குப் போகும் ஜீப்பில் ஏறிப் போனார். மதியம் அதே ஜீப் திரும்பி வந்து எங்கள் வாசலை ஒட்டி நின்றது. பின்னால் சாமை மூட்டைகளின் மேல் நைனாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் தலை சின்னசாமியின் மடியில் இருந்தது. வழியெல்லாம் வாந்தி. உதடு வெளுத்து, கை சில்லிட்டு, தொட்டால் வேர்வை.

"பேசிக்கினே இருந்தாரும்மா. அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார் சின்னசாமி.

இறக்காமல் அப்படியே ஊரிலிருந்த மிஷன் மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர், நர்ஸ் படிப்புப் படித்தவர், நாடியைப் பிடித்தார். அழுத்தம் பார்க்கும் கருவியை இரண்டு முறை ஊதினார். இரண்டு முறையும் முகம் மாறியது.

"இரைப்பு இல்லையே. நெஞ்சு சுத்தமா கீது. ஆனா பிரஷர் இல்ல. இன்னா மாத்திர சாப்புடறாரு?"

நான் சொன்னேன்.

"தினமும் சாப்புடறாரா?"

"சாப்புடறாரு சிஸ்டர். நான் பாக்கறேனே."

மேசையில் கிடந்த நைனாவின் கை என் புடவையை இழுத்தது. குனிந்தேன். உதடு ஒட்டிப் பிரிந்தது. "நிறுத்திட்டேன் மேரி... டாக்டரு சொன்னாரே... மாத்திர இல்லாத ஆளுக்குப் போடலாம்னு."

டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறியிருக்கிறார். மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருக்கிறார்.

சிஸ்டர் அலமாரியைத் திறந்து, மூச்சிரைப்பு முற்றி வருகிறவர்களுக்காக வைத்திருந்த ஊசி மருந்தை எடுத்தார். அதே மாத்திரையின் இனம்தான், ஊசியாக. அதை நரம்பில் ஏற்றினார். மேலே உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டார். "இப்பவே கீழ இட்டுக்கினு போங்க. பாட்டில தூக்கிப் புடிச்சிக்கினே போங்க" என்றார்.

எத்தனையோ முறை இறங்கிய மலைப்பாதை. நைனா ஓட்டும் பஸ்ஸில், அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டே இறங்கிய பாதை. அன்று ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் ஆட, சின்னசாமி ஜீப்புக்குள் குனிந்து நின்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து ஹவுசாவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜெபமா என்று பிறகு கேட்டேன். இல்லையாம். இங்கே எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்லும் வார்த்தையாம். 'ஆறுதல், ஆறுதல்' என்று அர்த்தம்.

ஆலங்காயம் வருவதற்குள் நைனா கண் திறந்தார். ஜீப் டிரைவரைப் பார்த்து, "ரெண்டாவது கியர்ல போடு" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

6

வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது, மறுநாள் காலை வாசலில் ஜோசப்பின் அப்பா சவரிமுத்து வந்து நின்றார். கையில் தூக்குவாளி. பின்னால் என் அத்தை, ஜோசப்பின் அம்மா.

இரண்டு சம்பந்திகளுக்கும் எங்கள் கல்யாணத்திலிருந்து பேச்சு இல்லை. மாமா ஆலங்காயம் பஜாரில் தையல்கடை வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு நைனாவுக்குத் தன் கையாலேயே கோட்டு தைத்துக் கொடுத்தார். நைனா அதைப் போட்டுக்கொண்டு கோயில் வாசல்வரை வந்தார். பிறகு, "ஸ்டீரிங் புடிக்கற கை சார், இதுல மடங்கல" என்று எல்லோருக்கும் முன்னால் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு அது தாங்கவில்லை. அதோடு முறிந்தது.

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா சம்பந்தி, மாத்திரைய துப்பினீங்களாமே."

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று மட்டுமல்ல, நைனா எழுந்து உட்காரும் வரை தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நான் ஸ்டெல்லாவைக் கவனிக்கப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டூலில் அவர் இருந்தார். பேச்சு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் உள்ளே நுழைந்தபோது இருவரும் எந்த வளைவில் எந்த வருடம் லாரி கவிழ்ந்தது என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கடைவீதி டாக்டர் வந்து பார்த்தார். தன் கண்ணெதிரே நைனாவை மாத்திரை விழுங்க வைத்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ஊசி போடக்கூடாத உடம்புன்னு நான் எழுதித் தர முடியும். அந்த லெட்டர அங்க ஏத்துக்கலாம், ஏத்துக்காம திருப்பியும் அனுப்பலாம். அந்த அதிகாரி கையில இருக்கு. வரும்போது இங்க அடைச்சு வெப்பாங்க. இவர் உடம்போட அத தாங்கணும். அதெல்லாம்கூட பாத்துக்கலாம்மா. கொசு லெட்டர் படிக்காதே."

"உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டிட்டுப் போக மாட்டேன். ஆனா தனியாவும் விடமாட்டேன்."

முதல் பாதி எனக்குப் புரிந்தது. இரண்டாம் பாதிக்கு நான் எங்கே போவேன்? ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது. நான் ஒருத்தி ஊரில் தங்கிவிட்டால் ஜோசப் அங்கே தனியாக. ஸ்டெல்லாவின் படிப்பு எங்கே? அந்த வராந்தாவிலேயே நின்று யோசித்தேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"எங்க வூட்ல முன்ரூம்பு சும்மாதான் கீது. ஜோசப் படிச்ச ரூம்பு. அங்க வந்து இருக்கட்டும். தினம் காலைல நான் மாத்திர குடுக்கறேன். வாயத் தொறந்து காட்டணும், ஆமா."

"சம்பந்தி வூட்ல போய் உக்காந்து துன்றதா? ஊர் இன்னா சொல்லும்?" என்றார் நைனா.

"ஊரு இன்னா, உங்களுக்கு ஊசியா போடப்போவுது?" என்றார் மாமா.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். "நைனா, நீங்க எங்ககூட வரல. ஊசியும் வோணாம், கார்டும் வோணாம். ஆலங்காயத்துல இருக்கீங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எதிர்பார்த்த ஏமாற்றம் அதில் இல்லை. வேறு ஏதோ, பயம்போல. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

7

நாங்கள் திரும்பும் நாளில் நைனாவும் மாமாவும் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மாமா ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு பிஸ்கட் வாங்கப் போனார். நைனா என்னை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்த ஊசிய நீ போட்டுக்கினியா?"

"போட்டுக்கினுதான் நைனா போனோம். இல்லன்னா வுடவே மாட்டாங்க."

"மாப்ள?"

"அவரும்தான். ஸ்டெல்லாவுக்கும் போட்டாச்சு."

"எங்க, காட்டு."

ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். வட்டமாக இரண்டு தழும்பு. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுவா?"

"அது அம்மைக்குக் குத்தனது நைனா. சின்ன வயசுல."

"அது எனுக்குத் தெரியும். நான்தான் உன்னப் புடிச்சிக்கினு நின்னேன். நீ என் கைய கடிச்ச. இந்த ஜொரத்துக்குப் போட்டது எங்க?"

"இதுக்குத் தழும்பு வராது."

"தழும்பே இல்லாத ஊசிய இன்னான்னு நம்பறது?"

அவர் கண் கலங்கியிருந்தது. வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்த அந்த நாள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"நைனா, அதுக்காகவா மாத்திரைய நிறுத்தினீங்க?"

"பின்ன இன்னாத்துக்கு? ஏரோப்ளேன் ஏறிப் பாக்கறதுக்கா? கறுப்பா வாந்தி எடுப்பாங்கன்னாரு. மருந்து இல்லன்னாரு. பக்கத்துல இருந்து பாத்துக்கறது ஒண்ணுதான்னாரு. நீங்க மூணு பேரும் அங்க கீறீங்க. நான் இங்க பஸ்ஸு சத்தம் கேட்டுக்கினு உக்காந்திருக்கறதா? ஒருத்தரு படுத்தா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வோணாவா?"

விடுமுறை முழுக்க நான் அவருக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் எங்களுக்காகப் பயந்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள், ஒரே நோயை நினைத்து. அவருக்கு ஆகாத ஊர் எங்களுக்கு மட்டும் எப்படி ஆகும் என்றுதான் அவர் கேட்காமல் கேட்டார். ஊசி போட்டவர்களுக்கு அது வராது, பயப்படாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உயிரியல் டீச்சர் பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தினி நாளைக்குத் தாங்கும் அது?"

"பத்து வருசம் நைனா."

"நீ போயி எத்தினி வருசம் ஆவுது?"

சொன்னேன். அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். அதற்குள் வாணியம்பாடி பஸ் வந்து நின்றது. மாமா பெட்டியைத் தூக்கி மேலே கொடுத்தார். நைனா பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு, என் ஜன்னலுக்குக் கீழே வந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்.

"அது முடியறதுக்குள்ள வந்துடு."

நைனா இருக்கிறார். அத்தை தினமும் காலையில் அவரை வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். மாமாவின் கடையில் உட்கார்ந்துகொண்டு, பட்டன் தைக்கிற நூலைக் கோத்துக் கொடுத்தபடி, போகிற பஸ்ஸுக்கெல்லாம் குறை சொல்கிறாராம். மார்கழிகள் கடந்துபோயின, ஒவ்வொரு மார்கழியிலும் நான் இங்கே கடிதத்துக்குக் காத்திருந்தேன்.

இந்த வருடக் கடைசியோடு எங்கள் ஊசியின் பத்து வருடம் முடிகிறது. ஒப்பந்தத்தை நீட்டித்துத் தருகிறோம் என்று பள்ளியில் கேட்டார்கள். ஜோசப் என்னைப் பார்த்தார். அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நவம்பரில் புறப்படுகிறோம்.